ஒரு தொடர் கெட்டுப்போவது எந்த எபிசோடில்?

தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுவது என் தொழில். அதைச் சொன்னதும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தத் தொடர் ஆரம்பத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது, ஏன் இப்படி ஆக்கிவிட்டீர்கள்?" அவர்கள் சொல்லும் தொடரில் நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல வருடங்கள் தினமும் நேரம் ஒதுக்கி, அந்தப் பாத்திரங்களை வீட்டு மனிதர்களாக நினைத்துப் பழகியவர்களின் வருத்தம் அது.

பெரும்பாலும் அவர்களே பதிலும் வைத்திருப்பார்கள். "அந்தக் கல்யாணம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு." "செத்துப்போனவர் திரும்பி வந்தாரே, அன்றோடு விட்டுவிட்டேன்." ஏதோ ஓர் எபிசோடைச் சுட்டிக்காட்டி, அங்கேதான் எல்லாம் கெட்டது என்பார்கள். என் அனுபவத்தில் அந்த எபிசோடு, ஏற்கெனவே கெட்டுப்போன ஒன்று வெளியே தெரிந்த நாள் மட்டுமே.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் 'ஹேப்பி டேஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர். 1977 செப்டம்பரில் வந்த எபிசோடில் ஃபான்ஸி என்ற பாத்திரம், தன் தோல் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், தண்ணீரில் சறுக்கிக்கொண்டே போய் ஒரு சுறாவைத் தாண்டும். ஒரு தொடர் சரியத் தொடங்குவதையே 'சுறாவைத் தாண்டுவது' என்று சொல்லும் பழக்கம் பின்னாளில் வந்தது. 1997இல் ஜான் ஹைன் என்பவர் இதற்காகவே ஓர் இணையதளம் தொடங்கிய பிறகு அது எங்கும் பரவியது. ஆனால் அந்த சீசனில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களில் 'ஹேப்பி டேஸ்' இரண்டாம் இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகும் 1984 வரை ஓடியது. சுறா வந்த நாளில் பார்வையாளர் எண்ணிக்கையில் எந்தச் சரிவும் தெரியவில்லை.

அப்படியானால் அங்கே என்னதான் நடந்தது? ஃபான்ஸி ஆரம்பத்தில் ஒரு துணைப் பாத்திரம். மக்களுக்குப் பிடித்துப்போனதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரின் நடுவே வந்து, எதிலும் தோற்காத ஆளாக மாறிவிட்டான். தோற்கவே தோற்காத ஒருவனுக்கு வேலையிலோ நட்பிலோ காதலிலோ ஒரு சிக்கலை வைத்தால் யாருக்கும் பதற்றம் வராது. பதற்றத்துக்காகச் சுறா மாதிரி ஏதாவதுதான் வந்தாக வேண்டும்.

இந்தத் தொழிலில் நான் கவனித்த வரையில், ஒரு தொடரில் முதலில் காணாமல்போவது விளைவு. நல்ல நிலையில் இருக்கும் தொடரில் ஒருவர் பொய் சொன்னால் அந்தப் பொய்க்கு எங்கேயோ ஒரு விலை இருக்கும். வேலை போகும், ஓர் உறவு முறியும், குறைந்தபட்சம் அடுத்தமுறை அவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். சரியும் தொடரில் அதே பொய் வியாழக்கிழமை சொல்லப்படும், வெள்ளிக்கிழமை வெடிக்கும், அடுத்த வாரம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நடிப்பு, இசை, படப்பிடிப்பு எல்லாம் பழையபடியே இருப்பதால் பார்ப்பவருக்கு உடனே பிடிபடாது. ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றும்.

'டாலஸ்' என்ற அமெரிக்கக் குடும்பத் தொடரில் இது அப்பட்டமாக நடந்தது. 1985இல் பாபி யூயிங் என்ற முக்கியப் பாத்திரம் இறந்துவிட்டது. அடுத்த சீசன் முழுக்க அந்த இழப்பின்மேல் நகர்ந்தது. 1986இல் அந்த நடிகரைத் திரும்ப அழைத்துவந்து, குளியலறையில் நிற்கிற மாதிரி காட்டினார்கள். நடந்ததெல்லாம் பாபியின் முன்னாள் மனைவி கண்ட கனவு என்று ஒரு முழு சீசனையும் அழித்துவிட்டார்கள். தொடர் 1991 வரை ஓடத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு அதில் யார் செத்தாலும் யார் நம்புவார்கள்? ஒரு சாவைத் திரும்பப் பெற்றால், அதற்குப் பிறகு வரும் எல்லா ஆபத்துகளும் வலுவிழந்துவிடும். கதை விவாதங்களில் யாராவது ஒரு பாத்திரத்தை உயிரோடு திரும்பக் கொண்டுவரலாம் என்று சொல்லும்போதெல்லாம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

இழுத்துக்கொண்டே போவதுதான் நோய் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அவசரத்தாலும் அதே நோய் வரும். அரியணைப் போட்டியைச் சொல்லும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் சீசனில் முக்கியப் பாத்திரமான நெட் ஸ்டார்க் தவறான ஆட்களை நம்பினார், ஒன்பதாவது எபிசோடில் தலை போனது. தலைநகரிலிருந்து வடக்கே போவது மாதக்கணக்கில் நீளும் பயணமாக இருந்தது. அந்தத் தூரத்தில்தான் சதிகள் நடந்தன, நட்புகள் உண்டாயின. தொடருக்கு அடிப்படையான நாவல்களில் ஐந்தாவது 2011இல் வந்தது. ஆறாவது வருவதற்குள் தொடர் நாவல்களைத் தாண்டிப் போய்விட்டது. வழக்கமாகப் பத்து எபிசோடுகள் இருந்த சீசன், ஏழாவதில் ஏழாகவும் எட்டாவதில் ஆறாகவும் சுருங்கியது. முன்பு பாதி சீசனை எடுத்துக்கொண்ட தூரங்களைப் பாத்திரங்கள் ஒரே எபிசோடில் கடந்தார்கள். 2019இல் கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். ஒரு பெரிய முடிவுக்கு ஒரு பாத்திரம் வந்துசேர எவ்வளவு நேரம் பிடிக்குமோ அந்த நேரம் கொடுக்கப்படவில்லை என்பதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். முடிவு என்ன என்பதைவிட அதுதான் ஜனங்களை அதிகம் உறுத்தியது.

சரி, எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத சில நடைமுறைகளை இங்கே சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஆட்கள் மாறுகிறார்கள். தொடரை உருவாக்கியவர் மனிதர்களைப் பார்த்து பாத்திரங்களை எழுதியிருப்பார். மூன்றாம் வருடம் புதிதாக வரும் எழுத்தாளர் அந்தத் தொடரைப் பார்த்துத்தான் பாத்திரங்களைத் தெரிந்துகொள்கிறார். ஆறாம் வருடம் வருபவர் இவர் எழுதியதைப் பார்த்துக் கற்கிறார். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போல, எடுப்பான கோடுகள் மட்டும் தங்கி, மெல்லியவை மறைந்துவிடும். 1989 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'த சிம்ப்சன்ஸ்' தொடரில் பக்கத்து வீட்டு நெட் ஃபிளாண்டர்ஸ் ஆரம்பத்தில் ஒரு நல்ல அண்டை வீட்டுக்காரர். பக்தி அவருடைய குணங்களில் ஒன்று. வருடங்கள் போகப் போக பக்தியே அவருடைய மொத்த அடையாளமாகிவிட்டது. நம் தொடர்களில் கோபக்கார அப்பா எந்நேரமும் கத்திக்கொண்டே இருப்பதும், சாதுவான மருமகள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டே இருப்பதும் இப்படி உருவாவதுதான்.

இரண்டாவது, கால்ஷீட். கதையின் போக்கைத் தீர்மானிப்பதில் இதற்கு இருக்கும் அதிகாரம் பார்வையாளர்களுக்குத் தெரியாது. ஒரு நடிகருக்குப் பத்து நாள் தேதி இல்லையென்றால் அந்தப் பாத்திரம் வெளியூர் போகும், ஆஸ்பத்திரியில் படுக்கும், காணாமல்போகும். 'மூன்லைட்டிங்' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரை இதற்குச் சொல்வேன். நாயகனும் நாயகியும் சேர்ந்ததால்தான் அந்தத் தொடர் விழுந்தது என்று இன்றுவரை ஒரு பாடமாகவே சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சேர்ந்த பிறகான காலத்தில் நாயகி சிபில் ஷெப்பர்டு இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். நாயகன் புரூஸ் வில்லிஸ் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் ஒரே ஃபிரேமில் வருவதே அரிதாகிவிட்டது. 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்தது, தொடரை உருவாக்கியவரும் விலகிப்போனார். இருவரின் வாய்ச்சண்டைக்காகப் பார்க்கப்பட்ட தொடரில் அந்த இருவரையும் சேர்த்துக் காட்ட முடியவில்லை. அதை விட்டுவிட்டுக் காதல்மேல் பழி போட்டதால், அடுத்து வந்த எத்தனையோ தொடர்களில் ஜோடிகளைத் தேவையில்லாமல் வருடக்கணக்கில் பிரித்தே வைத்தார்கள்.

மூன்றாவது, பணம். தொடர் பழசாக ஆக நடிகர்களின் சம்பளம் ஏறும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் கடைசி இரண்டு சீசன்களில் முக்கிய நடிகர்கள் ஆறு பேரும் ஆளுக்கு எபிசோடுக்கு பத்து லட்சம் டாலர் வாங்கினார்கள். அந்த அளவு வருமானம் இல்லாத சாதாரணத் தொடர்களில் சம்பளம் ஏறினால் வேறு எதையாவது குறைக்க வேண்டியிருக்கும். வெளிப்புறப் படப்பிடிப்பு குறையும், புது முகங்கள் குறையும். கடைசியில் இரண்டு பேர் ஒரே கூடத்தில் நின்று, நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு தொடரில் சம்பவங்களைவிட அவற்றைப் பற்றிய பேச்சு அதிகமாகிவிட்டால் அங்கே பட்ஜெட் கை வைத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நிறுத்துவதில்லை என்றால், பழகிய தொடருக்கு ஒரு கூட்டம் உறுதியாக வரும், புதிய தொடருக்கு அந்த உறுதி இல்லை. சேனலின் கணக்கு அவ்வளவுதான். லாபத்தின் உச்சியில் இருக்கும்போது விலகிய அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்டு போன்றவர்கள் மிகக் குறைவு. எபிசோடுக்கு ஐம்பது லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியும் அவர் 1998இல் தன் தொடரை முடித்துக்கொண்டார்.

முடிவுத் தேதி கையில் இருந்தால் எழுத்து எப்படி மாறும் என்பதற்கு, ஒரு மர்மத் தீவில் சிக்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரைப் பார்க்கலாம். மூன்றாவது சீசனின் முதல் பாதியில் கதை தடுமாறியது. நாயகனின் பச்சைக் குத்தலுக்கு ஒரு முன்கதை சொல்லவே ஓர் எபிசோடு போனது. எத்தனை வருடம் ஓட்ட வேண்டும் என்று தெரியாமல் எழுதுகிறவர்களால் ரகசியங்களை அவிழ்க்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். 2007 மே மாதம், இன்னும் 48 எபிசோடுகள், 2010இல் முடிவு என்று அறிவித்தார்கள். அப்புறம் கதைக்கு ஒரு திசை வந்தது. இறுதி எபிசோடைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள், ஆனாலும் அந்த அறிவிப்புக்குப் பிந்தைய எழுத்தில் ஒரு தெம்பு இருந்தது.

நீண்டு ஓடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனின் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960இலிருந்து ஓடுகிறது. ஒரு தெருவின் கதை என்பதால் அங்கே மனிதர்கள் பிறக்கலாம், மூப்படையலாம், போய்ச் சேரலாம். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடர், 1966இல் நாயகனாக நடித்த முதல் நடிகரின் உடல்நிலை மோசமானபோது, நாயகனே வேறொரு உருவம் எடுப்பதாகக் கதையை அமைத்துக்கொண்டது. அமெரிக்க அதிபர் மாளிகையைப் பற்றிய 'த வெஸ்ட் விங்', அதை உருவாக்கிய ஆரன் சோர்கின் 2003இல் விலகியதும் தள்ளாடியது, பிறகு ஒரு புதிய அதிபர் தேர்தலைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிமிர்ந்தது. ஒரு சரிவு வந்துவிட்டால் கதை முடிந்தது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

இனி பார்வையாளர்களிடம் நேரடியாகக் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் கண்ணீர் விட்டுப் பார்த்தாலும், கையில் போனை வைத்துக்கொண்டு பாதிக் கவனத்தில் ஓட விட்டாலும், ரேட்டிங்கில் அது ஒரே கணக்குத்தான். திட்டிக்கொண்டே பார்ப்பதும் பார்ப்பதுதான். ஓடிடி தளங்களில் அடுத்த எபிசோடு தானாகவே தொடங்கிவிடுவதால், உட்கார்ந்திருப்பது உங்கள் விருப்பமா பழக்கமா என்று யோசிக்கும் இடைவெளியும் போய்விட்டது. இவ்வளவு வருடம் பார்த்துவிட்டோமே, எப்படி விடுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போன நேரம் எப்படியும் திரும்பாது. அதற்காக இன்னும் இரண்டு வருடங்களைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

எபிசோடு முடிந்ததும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இன்று நடந்ததில் இனி மாற்ற முடியாதது எது? ஒரு ரகசியம் தெரிந்துவிட்டது, ஒருவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார், ஒரு நம்பிக்கை உடைந்துவிட்டது என்று ஏதாவது பதில் வந்தால் தொடர் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதம் முழுக்கக் கேட்டும் பதில் வரவில்லையென்றால் விலகலாம். கதை ஒரு நல்ல இடத்தில் நின்ற சீசன் ஏதாவது இருந்தால், அதையே உங்களுக்கான முடிவாக வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. தொடர் பிறகு தேறினால் தெரிந்தவர்கள் சொல்வார்கள், திரும்பி வரலாம்.

கோபத்தை யார்மேல் காட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு ட்ராக், அதாவது ஒரு கிளைக்கதை, பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தில் நடிப்பவரின் சமூக ஊடகப் பக்கத்தில் போய் அசிங்கமாக எழுதுகிறார்கள். நான் வேலை பார்த்த இடங்களில், நடிகர்கள் அதைப் படித்துவிட்டு மேக்கப் அறையில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைய வசனமே சில சமயம் அவர்கள் கைக்குக் காலையில்தான் வருகிறது. கதையை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அந்த அதிகாரம் சேனலிடமும் தயாரிப்பு நிறுவனத்திடமும் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். "போர் அடிக்கிறது" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எந்தப் பாத்திரம், எந்த ட்ராக், எதற்குப் பிறகு உங்களுக்கு ஆர்வம் போனது என்று குறிப்பாக எழுதுங்கள். அப்படிக் குறிப்பாக வந்த கடிதங்களைக் கதை விவாதத்தில் உரக்க வாசித்திருக்கிறோம். ஒரு ட்ராக்கை நினைத்ததைவிட முன்கூட்டியே முடித்தும் இருக்கிறோம்.