ஒரே மழை, இரண்டு மின் நிலையங்கள்

அயர்லாந்தின் வடமேற்கில், டொனகல் மாவட்டத்துக் கடலோரத்தில், ஐரிஷ் மொழி இன்றும் வீட்டு மொழியாக வாழும் வட்டாரங்களுள் ஒன்று க்வீடோர். அங்கே 751 மீட்டர் உயரமுள்ள எரிகல் மலையின் அடியில் டன்லூயி ஏரியும் அதற்குக் கீழே நாக்குங் ஏரிகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவற்றின் உபரி நீரே கிளாடி ஆறாகி அட்லாண்டிக் கடலை அடைகிறது. 1950-களின் இறுதியில் நாட்டின் மின்வாரியம் இவ்வட்டாரத்தில் இரண்டு சிறு மின் நிலையங்களைக் கட்டியது. ஒன்று, பீட் எனப்படும் சதுப்பு நிலக் கரிமண்ணை எரித்து 5 மெகாவாட் தந்தது. மற்றொன்று, 1959-இல் இயங்கத் தொடங்கிய, ஏறத்தாழ 4 மெகாவாட் திறனுள்ள கிளாடி நீர்மின் நிலையம். இவ்விரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பதுதான் என்னை இந்தச் சிறு நிலையங்களின்பால் ஈர்க்கிறது. அந்த மூலம் மழை.

நீர்மின் நிலையத்தின் கணக்கு எளிமையானது. ஒரு கன மீட்டர் நீர் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ளது. நொடிக்கு அவ்வளவு நீர் ஒரு மீட்டர் உயரம் இறங்கினால் 9.8 கிலோவாட் ஆற்றல் வெளிப்படும். எடுத்துக்காட்டாக, 50 மீட்டர் இறக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இழப்பு போக 4 மெகாவாட் பெற வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 9 கன மீட்டர் நீர் தேவைப்படும். இறக்கம் பாதியானால் நீர் இருமடங்கு வேண்டும். உயரத்திலிருந்து குழாய் வழியே அழுத்தத்தோடு இறங்கும் நீர் டர்பைனின் இதழ்களைத் தள்ள, அதே அச்சில் பூட்டிய ஜெனரேட்டர் சுழல்கிறது. மின்வலையின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று என்பதால் அச்சின் வேகம் மாறக்கூடாது. ஆகவே மின்தேவை கூடும்போதும் குறையும்போதும் வேகத்தை மாற்றாமல், நீர் நுழையும் கதவிதழ்களின் திறப்பையே ஓர் ஆளுகைக் கருவி கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறது. கொதிகலன் சூடேறக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாததால், நின்றிருக்கும் நிலையம் சில நிமிடங்களில் முழுத் திறனை எட்டிவிடும்.

இங்கே ஏரியின் பங்கைக் கூடுதலாகவே வலியுறுத்த வேண்டும். சதுப்பு நிலம் பஞ்சைப் போல மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் மலைச்சரிவுகளைப் போர்த்தியிருக்கும் பீட் மண் பெரும்பாலும் ஏற்கெனவே நீரால் நிறைந்திருப்பதால், புதிதாகப் பெய்யும் மழை மேற்பரப்பிலேயே வழிந்தோடி, ஆறுகள் சில மணி நேரத்தில் பெருகி அதே வேகத்தில் வடிந்துவிடுகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கி, மாலையில் விளக்கும் அடுப்பும் எரியும் வேளைக்கு நீரைச் சேமித்துத் தருவது ஏரியே. மழை மிகுந்த குளிர்காலமே அந்நாட்டில் மின்தேவை உச்சத்தைத் தொடும் காலமாகவும் அமைந்திருப்பது இயற்கை தந்த நற்பேறு.

பீட் மண்ணையும் அதே மழைதான் உருவாக்கியது. ஓயாத ஈரத்தில் காற்றுப் படாத பாசிகளும் புற்களும் முழுவதும் மக்காமல் படிந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் அடுக்கடுக்காக வளர்ந்தன. ஒரு மீட்டர் ஆழத்தை வெட்டி எரிப்பது, ஓராயிரம் ஆண்டுச் சேமிப்பைச் செலவழிப்பதாகும். ஏரி இழந்த நீரையோ அடுத்தடுத்த மழைகள் ஈடுசெய்துவிடுகின்றன. ஆனாலும் பீட் நிலையத்தைக் கட்டியதற்கு வலுவான காரணம் இருந்தது. உள்ளூர்க் குடும்பங்கள் கையால் வெட்டி உலர்த்திய பீட் கட்டிகளை அது விலைகொடுத்து வாங்கியதால், வேலை தேடி மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த அந்த ஐரிஷ் மொழிப் பகுதியில் பணம் புழங்கியது. ஒருசிலரைக் கொண்டே இயங்கும் நீர்மின் நிலையத்தால் அதைச் செய்ய இயலவில்லை.

1990-களில் பீட் நிலையம் மூடப்பட்டது. கிளாடி நிலையத்தின் டர்பைனை எரிகல் மலையடிவாரத்து ஏரிகளின் நீர் தொடர்ந்து சுழற்றி வந்திருக்கிறது.