டிராக்‌ஷன்: இழுவையா, பிடிமானமா?

காட்டுப் பாதைக்கும் மலைப் பாதைக்கும் என்று வண்டி பார்க்கப் போகிறவர் காதில் திரும்பத் திரும்ப விழும் சொல் டிராக்‌ஷன். டயர் விற்பவரும் இதையே சொல்கிறார், ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் பூட்டிச் சேர்த்துச் சுழற்றும் லாக்கரைப் பொருத்துபவரும் இதையே சொல்கிறார், வண்டியின் டேஷ்போர்டில் உள்ள பொத்தானும் இதே பெயரில்தான் இருக்கிறது. மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு. ஒன்று டிராக்‌ஷனை உண்டாக்குகிறது. மற்ற இரண்டும் ஏற்கெனவே இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் செலவழித்தவர்களின் வண்டிகள்தான், மலிவான டயரோடும் விலையுயர்ந்த லாக்கரோடும் சேற்றில் நிற்கின்றன.

சக்கரம் வழுக்காமல் இருக்கும்வரை, தரை அதனிடமிருந்து எவ்வளவு தள்ளுவிசையை ஏற்கிறதோ அதுவே டிராக்‌ஷன். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் சக்கரம் சும்மா சுற்றும். இந்த எல்லையை முடிவு செய்பவை இரண்டு: சக்கரத்தின் மேல் இறங்கும் எடை, ரப்பருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வுக் குணகம். சுமார் 1,200 கிலோ எடையுள்ள மாருதி ஜிம்னி, 5 அடிக்கு 1 அடி உயரும் ஈரமண் ஏற்றத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு மட்டும் 235 கிலோ அளவுக்கு விசை வேண்டும். அந்த மண்ணின் உராய்வுக் குணகம் 0.3 என்றால், பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும்போது அவற்றின் மேலுள்ள சுமார் 600 கிலோவுக்குக் கிடைப்பது 180 கிலோ விசை. ஏற்றத்தில் எடை பின்னால் சற்றுச் சாய்வதைச் சேர்த்தாலும் 200-ஐ ஒட்டித்தான் நிற்கும். வண்டி ஏறாது. நான்கு சக்கரமும் தள்ளினால் சுமார் 350 கிலோ, ஏறிவிடும். எஞ்சின் இரண்டு முறையும் அதே எஞ்சின்தான். டிராக்டரின் பின்டயருக்குள் தண்ணீர் நிரப்பும் வழக்கமும் இந்தக் கணக்கின்படிதான்: சக்கரத்தின் மேல் எடை கூடினால் விசையின் எல்லையும் கூடும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘டிராஹெரே’ என்றால் இழுத்தல். டிராக்டர் அதே வேரில் முளைத்த சொல். இலங்கைத் தமிழில் அதை உழவு இயந்திரம் என்கிறார்கள். எலும்பு முறிந்த காலை எடை கட்டி இழுத்து வைக்கும் மருத்துவ முறைக்கும் டிராக்‌ஷன் என்றே பெயர். ரயில் எஞ்சினின் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார், டிராக்‌ஷன் மோட்டார். இழுத்தல் என்ற பொருளில் தொடங்கிய சொல், இழுப்பதற்கு உதவும் சக்கரப் பிடியையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. இன்று வண்டிக்காரர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருள்தான்.

தமிழில் இதை ‘இழுவை’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. வேர்ப்பொருளுக்கு அது சரி, வண்டிக்குச் சரிவராது. காற்று வண்டியைப் பின்னால் இழுத்துத் தடுக்கும் விசையையும் இழுவை என்றே எழுதுகிறோம். முன்னே செலுத்துவதற்கும் பின்னே தடுப்பதற்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் குழம்புவார். ‘இழுவிசை’ என்று மாற்றினாலும் பயனில்லை; பள்ளிப் பாடநூலில் அது கயிற்றின் விறைப்பைக் குறிக்கும் சொல், பரப்பு இழுவிசை என்று படித்திருப்போம்.

பழனி மலையில் விஞ்ச்சை இழுவை ரயில் என்கிறார்கள். அது பொருத்தமான பெயர். அங்கே பெட்டியை மேலே கொண்டுபோவது கம்பிவடம். சக்கரத்துக்குத் தண்டவாளத்தில் பிடி இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. நீலகிரி மலை ரயிலில் எஞ்சின் தன் சக்கரங்களாலேயே ஏற வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பற்றாது. அதனால்தான் நடுவில் பல்தண்டவாளம் பதித்து, பல்சக்கரத்தால் கோத்து ஏற்றுகிறார்கள். முன்னதில் இருப்பது இழுவை. பின்னதில் போதாமல் இருப்பது பிடிமானம்.

ஆகவே டயருக்கும் தரைக்கும் இடையிலான டிராக்‌ஷனுக்குப் ‘பிடிமானம்’ என்பதே ஏற்ற சொல். கட்டுமானம், செரிமானம் போல ‘பிடி’ என்ற வினையோடு ‘மானம்’ சேர்ந்தது. ‘பிடிமானம் இல்லாமல் வழுக்கிவிட்டது’ என்று பேச்சில் எப்போதும் புழங்குவது. பட்டறையில் ‘டயர் பிடிக்கல’ என்பதும் இதே வினைதான். டிராக்‌ஷன் கன்ட்ரோலைப் பிடிமானக் கட்டுப்பாடு எனலாம். ரயில்வேயின் மோட்டார் இழுவை மோட்டாராகவே இருக்கட்டும்.

பிடிமானத்தை உண்டாக்குவது டயர் ஒன்றுதான். ‘டயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலப்பொருள் உடுப்பு. மரச்சக்கரத்துக்குப் போர்த்திய இரும்பு அது. நம் மாட்டுவண்டியில் அதையே பட்டை என்றார்கள். ரப்பரின் மேலுள்ள வெட்டுக் கட்டைகளுக்குப் பட்டறைச் சொல் ‘பட்டன்’. தேய்ந்த டயருக்கு மறுபடி ஒட்டுவது ‘ரீபட்டன்’. எச்.டி., ஏ.டி., எம்.டி. என்று கடையில் பிரித்துச் சொல்வது இந்தப் பட்டன் அமைப்பைத்தான். எச்.டி. தார்ச்சாலைக்கு, எம்.டி. சேற்றுக்கு, ஏ.டி. இரண்டுக்கும் நடுவில்.

எந்த மண் என்பதைப் பார்க்காமல் எம்.டி. வாங்குவது வீண். வண்டல் சேற்றில் அது மிக நன்றாக வேலை செய்யும்: பட்டன்களுக்கு இடையே அகலமான பள்ளம், சக்கரம் சற்று வேகமாகச் சுழன்றால் சேறு தெறித்து வெளியேறி, பட்டன் மறுபடி மண்ணைக் கடிக்கும். சேற்றில் கொஞ்சம் சுழலவிடச் சொல்வது இதனால்தான். மழை பெய்த கரிசலில் அதுவும் உதவாது. கரிசல் களிமண் நீரை உறிஞ்சி உப்பும், பசையாக ஒட்டும். இரண்டு சுற்றுக்குள் பள்ளங்கள் அடைந்து டயர் வழவழப்பான உருளையாகிவிடும், பிறகு மட்கார்டுக்குள்ளும் மண் இறுகிச் சக்கரத்தையே நிறுத்தும். கரிசல் காயும்வரை காத்திருப்பதுதான் வழி. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணல் இதற்கு நேர் எதிர். அங்கே டயர் மணலின் மேல் மிதக்க வேண்டும், எம்.டி. பட்டன் மணலைத் தோண்டி அச்சு வரை இறக்கிவிடும். மணலில் சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை போன்ற கல்பாதைகளில் பட்டனைவிடப் பக்கச்சுவர் முக்கியம், கிழிவது அங்கேதான். பக்கச்சுவரில் மூன்று அடுக்கு உள்ள டயர் அத்தகைய பாதைக்குக் கொடுக்கும் காசுக்குத் தகும்.

எம்.டி.க்கு எதிராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நனைந்த தார்ச்சாலையில் அதன் பிடிமானம் குறைவு. தரையைத் தொடும் ரப்பர் குறைவாகவும், நீரை விலக்கும் மெல்லிய கீறல்கள் குறைவாகவும் இருப்பதால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும். வாரம் முழுவதும் தார்ச்சாலையிலும் எப்போதாவது மலையிலும் ஓட்டுபவருக்கு ஏ.டி. போதும், அதுவே பாதுகாப்பும்கூட.

டயரின் பக்கத்தில் 245/75 ஆர் 16 என்று இருந்தால், அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 75 விழுக்காடு, ஆர் என்பது ரேடியல் என்ற டயர் வகை, ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் 774 மி.மீ. பழகிய அளவை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜிம்னியின் 195/80 ஆர் 15-க்கு 693 மி.மீ.; 215/75 ஆர் 15 போட்டால் 703.5. ஒன்றரை விழுக்காடு உயர்வு, சிக்கல் இல்லை. இதைவிட நிறையப் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், கியர் இழுக்காது, ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது உரசும். நான்கு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருப்பதும் கட்டாயம். ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் கோத்துக்கொள்ளும் வண்டிகளில், விட்ட வேறுபாடு கியர்ப்பெட்டியை முறுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது என்பதற்கும் இப்படிக் கோத்துக்கொள்வதே காரணம்: வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், தரை வழுக்கிக் கொடுக்காது. தயாரான தேதி நான்கு இலக்கமாக இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

பைசா செலவில்லாமல் பிடிமானம் கூட்ட வழி காற்றைக் குறைப்பது. தார்ச்சாலையில் 30 பிஎஸ்ஐ வைப்பவர், சேற்றில் 20 முதல் 25, கல்பாதையில் 18 முதல் 22, தேரி மணலில் 15 முதல் 18 வைக்கலாம். டயர் பக்கவாட்டில் பிதுங்குவதைப் பார்த்து அகலம் கூடுகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் தரையில் படியும் பரப்பு நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. காற்று குறைந்த டயர் கல்லின் மேல் மடிந்து அதைக் கவ்விக்கொள்ளும். 12-க்குக் கீழே இறக்கி ஸ்டியரிங்கை வெட்டினால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். குறைத்த காற்றோடு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கலாம். ஆகவே காற்றடிக்கும் கம்ப்ரசர் கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். பெரிய கம்ப்ரசரை நேரே பேட்டரியில் மாட்டுங்கள்; சிகரெட் லைட்டர் துளையில் மாட்டினால் ஃப்யூஸ் போகும்.

இத்தனைக்கும் பிறகுதான் லாக்கர். வளைவில் ஒரே அச்சின் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம விசையையே அனுப்பும். சேற்றிலுள்ள சக்கரம் 50 கிலோ மட்டுமே ஏற்றால், நல்ல தரையிலுள்ள சக்கரம் 300 ஏற்கத் தயாராக இருந்தாலும் அதற்கும் 50-தான் போகும், மொத்தம் 100. லாக்கரால் அதைப் பூட்டிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், 350 கிடைக்கும். டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இது காலடியிலுள்ள டிஃபரன்ஷியல் லாக் பெடலாக நன்கு பழக்கம். இரண்டு சக்கரமும் கரிசலில் வழுக்கினால் 50-உம் 50-உம்தான், பூட்டிப் பயனில்லை.

ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநரே போடும் பூட்டு உண்டு. மஹிந்திரா தாரின் சில வகைகளில் பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. ஜிம்னியில் பூட்டு இல்லை. சும்மா சுற்றும் சக்கரத்துக்கு வண்டியே பிரேக் போட்டு, விசையை மறுபக்கம் திருப்புகிறது. இது வேலை செய்ய ஓரிரு விநாடி ஆகும். சக்கரம் சுற்றியதும் பயந்து காலை எடுத்தால் பிரேக்கும் விட்டுவிடும், வண்டி நகராது. ஆக்சிலேட்டரை ஒரே அளவில் அழுத்தி வைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் போடும் பூட்டை, சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகு போடாமல் தடைக்கு முன்பே வண்டியை நிறுத்திப் போட வேண்டும். முன்பூட்டு போட்டால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். கெட்டித் தரை வந்ததும், முதல் வளைவுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் டேஷ்போர்டில் பூட்டு விளக்கு எரிந்தால் பற்கள் இன்னும் இறுகியிருக்கின்றன என்று பொருள்: சில அடி பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து மெல்ல முன்னே வந்தால் விடுபடும்.