சினாப்ஸ்: இணைப்பா, சந்தியா?

மைக்கேல் ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூலில் நரம்பு மண்டலப் பகுதியை எழுதும்போது, ஒரு நரம்பணு இன்னொன்றைச் சந்திக்கும் இடத்துக்கு ஆங்கில உடலியங்கியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி; முதலில் மூலச் சொல்லின் கதை. அவர் முதலில் நினைத்த சொல் 'சிண்டெசம்'. கிரேக்கம் அறிந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் வெர்ரால்தான் 'சினாப்ஸ்' என்று திருத்தினார். அதிலிருந்து பெயரடை எளிதாகக் கிளைக்கும் என்பது காரணம். அந்தச் சொல் 1897-இல் அச்சேறியது. 'சின்' என்றால் கூட, சேர்ந்து. 'ஹாப்டெய்ன்' என்றால் பற்றுதல். இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றுவது போன்ற பொருள்.

பற்றுகின்றன, ஆனால் ஒட்டிப்போவதில்லை. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர்; தலைமுடிப் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. (உயிரணுக்களை நேரடியாகத் துளைகளால் இணைக்கும் மின்வகை சினாப்ஸும் உண்டு, இங்கே பேசுவது வேதிப்பொருளால் செய்தி கடத்தும் வேதிவகை.) மூளையில் இந்த இடைவெளியின் குறுக்கே, அனுப்பும் பக்கத்து நியூரெக்சினும் பெறும் பக்கத்து நியூரோலிஜினும் ஆகிய புரதங்கள் கைகோத்து நிற்கின்றன.

பற்றுதல் எப்படி உருவாகிறது என்பது தசையில் தெளிவாகத் தெரியும். நரம்பு முனை அக்ரின் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அது தசைச் சவ்விலுள்ள எல்ஆர்பி4 என்னும் புரதத்தைப் பற்ற, மஸ்க் என்னும் நொதி விழிக்கிறது. ராப்சின் என்னும் இன்னொரு புரதத்தின் வழியாக, நரம்பு அனுப்பும் வேதிச் செய்தியான அசிட்டைல்கோலினைப் பெறும் ஏற்பிகள் ஓரிடத்தில் குவிகின்றன, சதுர மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 10,000. பிறந்த எலிக்குட்டியில் ஒரே தசைநாருக்குப் பல நரம்பிழைகள் வந்து சேரும். இரண்டே வாரத்தில் போட்டியில் வென்ற ஒன்றுதான் மிஞ்சும்.

குவித்ததோடு வேலை முடியாது. ஏற்பிகளின் அரை ஆயுள், அதாவது பாதி கழிய ஆகும் காலம், ஏறத்தாழ 10 நாள். பழையது கழியக் கழியப் புதியது வந்தாக வேண்டும். நரம்பை வெட்டினால் அந்த ஆயுள் ஒரு நாள் அளவுக்குச் சுருங்கிவிடும். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோயில் உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே பெரும்பாலும் இந்த ஏற்பிகளைத் தாக்குகின்றன. அதனால்தான் காலையில் திறந்திருந்த இமை மாலையில் சரிகிறது.

இனி தமிழ்ச் சொல். 'நரம்புச் சந்தி' வழக்கில் உண்டு. இடத்தைச் சொல்கிறது, பற்றுதலைச் சொல்லவில்லை. 'நரம்பிணைப்பு' அதைவிட நெருக்கமானது. 'இணைப்பு' என்றால் கம்பியை முறுக்கிச் சேர்த்தது போலாகாதா என்று தயங்க வேண்டாம். இணையடி என்கிறோம்; இரண்டு பாதங்கள் இரண்டாகவேதான் இருக்கின்றன. இணை என்பது சோடி, கலப்பு அல்ல.

குறை 'நரம்பு' என்னும் பாதியில்தான். பேச்சில் கையில் புடைக்கும் இரத்தக்குழாயும் நரம்பு, ஊசி போடுவதும் நரம்பில். வெட்டுண்ட நரம்பை அறுவையில் தைத்தாலும் நரம்பிணைப்பு என்றே புரிந்துகொள்ளலாம். ஆகவே 'நரம்பணு இணைப்பு' என்று எழுதுவது நல்லது. இடைவெளியை 'இணைப்பிடைவெளி' என்றும், தசையோடு சேருமிடத்தை 'நரம்புத்தசை இணைப்பு' என்றும் சொல்லலாம்.