பனி என்றால் எந்தப் பனி? ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அக்கா போன் செய்தார். சேலத்துக்காரர், நாகலூர்ப் பக்கம் வீடு கட்டி சனி, ஞாயிறு மட்டும் வந்து தங்குகிறவர். "ஏனுங்க தம்பி, செடியெல்லாம் யாரோ சுடுதண்ணி ஊத்துன மாதிரி கிடக்குது, தண்ணி பத்தலையா?" என்றார். போய்ப் பார்த்தேன். புல்தரை நடுவில் வைத்திருந்த கோலியஸ், குரோட்டன்ஸ், திருநீற்றுப்பச்சை மூன்றும் வெந்த கீரை மாதிரி துவண்டு கறுத்திருந்தன. அதே நாளில் என் நர்சரியில் வாங்கிய அதே குரோட்டன்ஸ், பத்தடி தள்ளி சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு இலைகூட வாடாமல் நின்றது. ஒரே தோட்டம், ஒரே இரவு.

இந்த இரண்டு குரோட்டன்ஸுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் இதே போன் எனக்கு வருகிறது.

நாம் எல்லாவற்றையும் பனி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். காலையில் ரோட்டை மறைக்கிற மூடுபனியும் பனிதான், இலை நுனியில் சொட்டுகிற துளியும் பனிதான், ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளியை வெளுக்க வைக்கிற உறைபனியும் பனிதான். மூடுபனியைப் பார்த்துப் பயந்து செடியை மூடுகிறவர்கள் நிறைய பேர். உண்மையில் மூடுபனி இருக்கிற இரவில் செடி ஓரளவு பத்திரமாகத்தான் இருக்கும். ஆபத்து எப்போது என்றால், வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்து, நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று தெரிந்து, காற்று அசையாமல் இருக்கிற இரவில். பகலில் மண்ணும் இலையும் வாங்கி வைத்த சூடு அன்றைக்குத் தடையில்லாமல் நேராக வானத்துக்குப் போய்விடும். மேகமோ மூடுபனியோ மரக்கிளையோ மேலே இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்பி வரும். மரத்தடிக் குரோட்டன்ஸ் பிழைத்தது அதனால்தான். நம் மலையில் காபியை சில்வர் ஓக் நிழலில் வளர்க்கிறோமே, அந்த நிழல் வெயிலுக்கு மட்டுமில்லை, இரவுக்கும் கூரை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காடு ஊட்டி மாதிரி வருடா வருடம் உறைபனி விழுகிற ஊர் இல்லை. அதனால் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே அஸ்தம்பட்டியில் மார்கழியிலும் செழிப்பாக நிற்கிற செடியை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்து திறந்த வெளியில் வைத்தால் அது தாங்காது. வெப்பமண்டலச் செடிகள் பலவற்றுக்குத் தண்ணீர் உறைகிற அளவு குளிர் தேவையே இல்லை, 10 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் இருந்தாலே இலையின் உயிரணுக்கள் பழுதாக ஆரம்பிக்கும். நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டுகிற தெளிந்த இரவில், புல்லை ஒட்டி 5, 6 டிகிரிதான் இருக்கும். எனவே தெர்மாமீட்டரைச் செடி உயரத்திலேயே கட்டுங்கள். இரவின் குறைந்த அளவைப் பதிந்து வைக்கிற வகை கிடைக்கிறது, அதை வாங்கினால் விடியற்காலையில் எழுந்து பார்க்க வேண்டியதில்லை.

குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம், தண்ணீர் மாதிரியே பள்ளத்தை நோக்கி ஓடும். நம் வீடுகள் பெரும்பாலும் சரிவில் இருக்கின்றன, கீழ்ப்பக்கம் கருங்கல் காம்பவுண்டு கட்டிவிடுகிறோம். ஓடிவந்த குளிர் அந்தச் சுவரில் முட்டி, அணையில் தண்ணீர் தேங்குவது போல அங்கேயே தேங்கும். அந்த அக்கா வீட்டிலும் புல்தரை கீழ்ச்சுவரை ஒட்டித்தான் இருந்தது. சுவரில் தரை மட்டத்தில் ஒன்றிரண்டு திறப்பு விட்டால் காற்று வடியும். முடியாவிட்டால் அந்த மூலையில் மென்மையான செடி எதையும் வைக்காதீர்கள். பகலெல்லாம் வெயில் வாங்குகிற மேல்பக்கச் சுவரோரம் தொட்டிகளை நகர்த்துங்கள், கல் இரவில் அந்தச் சூட்டை விடும்.

அப்புறம் மூடுவது. இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். துணி செடியைச் சூடாக்காது, மண்ணிலிருந்து எழுகிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் துணி தரை வரை இறங்க வேண்டும். தலையில் மட்டும் சுற்றி, தண்டோடு சேர்த்துக் கயிறு கட்டினால் மண்ணின் சூடு வெளியில் போகும், செடி உள்ளே குளிரும். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், இலையில் ஒட்டுகிற இடமெல்லாம் கருகும். பழைய பருத்திப் புடவை, போர்வை நல்லது. இங்கே காபி அறுவடைக் காலத்தில் சணல் சாக்குக்குப் பஞ்சமில்லை, அதுவே போதும். ஆனால் இரவில் நனைந்தால் சாக்கு கனக்கும், கிளையை ஒடிக்கும். நான்கு மூங்கில் குச்சி நட்டு அதன் மேல் போடுங்கள். வெயில் சாய்வதற்கு முன்பே மூடுங்கள், சூடெல்லாம் போன பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு மூடிப் பயனில்லை. காலை எட்டரை, ஒன்பதுக்கு எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர் பற்றி அக்கா கேட்டதும் முக்கியமான கேள்விதான். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்கும், ஆகவே தரையில் நட்ட செடிக்கு மதியத்துக்குள் தண்ணீர் விடுங்கள். மாலையில் இலை மேல் தெளிக்காதீர்கள். தொட்டியில் இருக்கிற அந்தூரியம், ஆர்க்கிட் வகைகளுக்கு இது பொருந்தாது, குளிரில் ஈரம் தேங்கினால் வேர் அழுகும், அவற்றை வராந்தாவுக்குள் எடுத்துவைத்துத் தண்ணீரைக் குறையுங்கள். மண்ணின் மேல் பரப்புகிற மூடாக்கிலும் ஒரு விஷயம்: வைக்கோல், சருகு மூடாக்கு வேரைக் காக்கும், ஆனால் மண்ணின் சூட்டை மேலே வரவிடாது, தாழ்ந்த செடிகளின் இலைக்கு அது பாதகம். குளிர் இரவு வரும் என்று தெரிந்தால் அன்று காலையிலேயே கொஞ்சம் ஒதுக்கி மண்ணில் வெயில் படவிடுங்கள். குப்பையைக் கொளுத்திப் புகை போடுவதை விட்டுவிடுங்கள், சூடு வானத்துக்குப் போவதைப் புகை தடுக்காது, பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல்தான் வரும். ஐப்பசிக்குப் பிறகு யூரியாவும் வேண்டாம், அது தள்ளுகிற இளந்தளிர்தான் முதலில் கருகும்.

கருகிவிட்டால்? கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் கருகிய செம்பருத்தி வரிசை ஒன்றைத் தை மாதமே வெட்டிச் சுத்தம் செய்தேன். நாலு நாள் வெயிலில் புதுத்தளிர் வந்தது, மாசிக் குளிர் அதையும் எடுத்தது, பாதிச் செடி போய்விட்டது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னதை நான் அன்று யோசிக்கவில்லை. கருகிய இலையே கீழே இருக்கும் மொட்டுக்குப் போர்வையாக நிற்கும், பங்குனி வரை விட்டுவையுங்கள். பிறகு பட்டையை நகத்தால் சுரண்டி, பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

அக்காவையும் அப்படித்தான் காத்திருக்கச் சொன்னேன். கோலியஸும் திருநீற்றுப்பச்சையும் போய்விட்டன, குரோட்டன்ஸ் பங்குனிக் கடைசியில் அடியிலிருந்து துளிர்த்தது. இந்த வருடம் ஐப்பசியிலேயே போன் செய்து, சாக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டார். பத்து போதும்க்கா, மூங்கில் குச்சியை மறந்துடாதீங்க என்றேன்.