பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு வரும் பணம்: பெற்றோர் கேட்கலாம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டிய ஊர்களின் பள்ளிகளில் சுற்றுச்சூழல் நாள் என்றால் ஒரு மரக்கன்று, ஒரு பதாகை, ஒரு புகைப்படம். உப்புக் காற்றில் அந்தக் கன்று அடுத்த கோடையைத் தாண்டினால் அதிர்ஷ்டம்தான். ஆனால் அரசின் திட்டம் இதைவிடப் பெரியது.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. 2001-02இல் தேசிய பசுமைப் படை வந்தது. அதன் கீழ்ப் பள்ளிகளில் மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைந்தன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றத்துக்கென்று தனி நிதி உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை விதியில் இடம் இருக்கிறது. பணம் ஒழுங்காக வருவது வேறு கதை: 2024-25க்கான இத்திட்டத்தின் நிதியைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது.

வந்த பணத்தை எதற்குச் செலவிடுவது? இங்கே பாடம் வாசலிலேயே கிடக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தீவில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும்; காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கோ பிள்ளைகளை எளிதாக அழைத்துப் போகலாம். கடல் அட்டையைப் பிடிக்க 2001 முதல் தடை என்பது இங்கே வீட்டுச் சண்டை வரை போன விஷயம். அடிமண்ணை விழுங்கித் துப்பிக் கடலைச் சுத்தம் செய்யும் உயிர் அது என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் ஏன் கரையில் நிற்கின்றன என்று கேட்டால், மீன்பிடித் தடைக்கால நிவாரணத் தொகையைச் சொல்லும் பிள்ளை மீன் இனப்பெருக்கத்தையும் சொல்ல வேண்டாமா? கடல்பாசி எடுக்கும் அம்மா ஒருவரை ஒரு மணி நேரம் பேச அழைத்தால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத கடலை அவர் சொல்வார். அதற்குச் செலவும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசிடமிருந்து வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இக்குழுவின் வேலை. ஆகவே கூச்சம் வேண்டாம். மன்றத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, பொறுப்பாசிரியர் யார் என்று குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.