ஸ்டீராய்டு 'திரும்பப் பெறுதல்' என்றால் யார் எதைத் திரும்பப் பெறுகிறார்கள்?

மருத்துவமனையில் கொடுத்த ஒரு தாளைப் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து காட்டினார். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர், கை அரிப்புக்கு வருடக்கணக்காக ஒரே களிம்பைத் தடவி வந்தவர். தாளின் தலைப்பு 'மேற்பூச்சு ஸ்டீராய்டு திரும்பப் பெறுதல் அறிகுறிகள்'. "கம்பெனிக்காரங்க இந்தக் களிம்பைத் திரும்ப வாங்கிக்கிறாங்களா? மிச்சம் இருக்கற ட்யூபைக் கடையில குடுத்துடணுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் வழக்கைத் திரும்பப் பெறுவார்கள், வேட்புமனுவைத் திரும்பப் பெறுவார்கள், கோளாறான மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவார்கள். தாளில் சொல்ல வந்ததோ வேறு. வீரியமான ஸ்டீராய்டு களிம்பை நீண்ட நாள் தடவிவிட்டு நிறுத்தினால், சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தோல் தீப்பட்டதுபோல் எரியும், களிம்பு தடவாத இடத்துக்கும் பரவும், நீர் கசியும், செதில் செதிலாக உதிரும். சிலருக்கு அது மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நீளும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் இதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெரியோஸ் என்றால் கிரேக்கத்தில் 'கெட்டியானது'. பித்தக்கல்லில் கண்ட கெட்டிப் பொருளுக்குக் கொலஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார்கள், 1936-ல் அது சேர்ந்த வேதிப்பொருள் குடும்பத்துக்கே ஸ்டீராய்டு என்ற பெயர் வந்தது. தாளில் 'திரும்பப் பெறுதல்' என்று ஆக்கியிருப்பது வித்ட்ராயல் என்ற ஆங்கிலச் சொல்லை, அதற்கு மூலப்பொருள் 'அப்பால் இழுத்தல்'. சரி, அது போதும்.

'திரும்பப் பெறுதல்' வேண்டாம் என்றால் உடனே 'விலகல் அறிகுறிகள்' என்பார்கள். குடியை நிறுத்துகிறவர்களுக்கு வரும் நடுக்கத்துக்கும் அதையே எழுதுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் முதல் சொல் குழப்பத்தோடு நிற்கிறது, இது நேர் எதிர்ப்பொருளையே தருகிறது. நாங்கள் மலையில் இருக்கிறவர்கள், தினமும் காலையில் மூடுபனி விலகுவதைப் பார்க்கிறோம், விலகினால் வெயில் வரும். காய்ச்சல் விலகியது, பீடை விலகியது என்றால் நல்லது நடந்துவிட்டது என்று பொருள். அப்படியிருக்க 'ஸ்டீராய்டு விலகல் அறிகுறி' என்று படிக்கிறவர், ஸ்டீராய்டு உடம்பை விட்டுப் போகிறது, இது நல்ல குறி என்று எடுத்துக்கொள்வார், காய்ச்சலும் சீழும் வந்தாலும் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார். தவிர விலகுவது தானாக நடக்கிற காரியம். இங்கே ஒரு ஆள் களிம்பை விடுகிறார், அதனால் ஒன்று நேர்கிறது. சொல்லில் அந்த ஆளும் இல்லை, நேர்ந்ததும் இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து வைத்துவிடுகிறார்கள், அந்தத் தாளைக் கையில் பிடித்துப் படிக்கப்போகிறவர் யார் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. ஸ்டீராய்டுக்கே 'ஊக்கமருந்து' என்று போடுகிறார்கள். அது ஓட்டப்பந்தயத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் போட்டுக்கொள்வது. தோலுக்குத் தடவும் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் எல்லாம் அழற்சியை அடக்குகிறவை, எதையும் ஊக்குவதில்லை. களிம்பை விட்டபின் வரும் இந்தத் தொல்லைக்குச் 'சிவப்புத் தோல் நோய்' என்றும் எழுதுகிறார்கள். நம் நிறத்தில் அது பல நேரம் கருஞ்சிவப்பாக, ஊதாவாகத்தான் தெரியும். சிவப்பைத் தேடுகிறவர் தனக்கு அது இல்லை என்றே நினைப்பார்.

நான் சொல்வது 'ஸ்டீராய்டு விட்ட பின்விளைவு'. குடியை விட்டான், பொடியை விட்டான் என்று எல்லோரும் பேசுகிற 'விடு' அது. கட்டுரைக்கு வேண்டுமானால் 'விடுகைப் பின்விளைவு' என்று எழுதலாம். பக்கவிளைவு என்ற சொல் ஏற்கெனவே பழகிவிட்டதால் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டீராய்டை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், ட்யூபில் எழுதியிருக்கிற பெயரை மக்கள் அடையாளம் காண வேண்டும். அக்காவின் தாளில் தலைப்பை அடித்துவிட்டு இதை எழுதிக் கொடுத்தேன். "அப்போ நானா பட்டுனு நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடணும்" என்றார். தாளுக்குள் இருந்ததும் அதுதான். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை தடவுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன்.

இன்னொரு சொல் 'குணமடைதல்'. அதில் முடிந்துவிட்டது என்ற தொனி இருக்கிறது. நான் களிம்பை விட்டு இரண்டு வருடமாகிறது. ஜனவரியில் உறைபனி கொட்டும்போது தோல் மறுபடி வெடிக்கும், அப்புறம் சித்திரையில் அடங்கும். இதற்கு நம்மிடம் 'ஆறுதல்' இருக்கிறது. சூடு ஆறும், புண் ஆறும், மனசு ஆறும், மூன்றும் மெதுவாகத்தான் நடக்கும். என் இரண்டு கையும் ஆறிவிட்டன. முழங்கால் மடிப்பு இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது.