முன்கதை: 'ப்ரீக்வல்' முதல் பாகம் ஆகாது

ஒரு கதைக்கு முந்தைய காலத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு எழுதப்படும் படைப்பு ப்ரீக்வல். ஆங்கிலத்தில் இந்தச் சொல் வந்தாலே தமிழில் 'முதல் பாகம்' என்று எழுதிவிடுகிறார்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் வரிசையில் பின்னால் வந்த 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' நாவலுக்கும் இதே பெயர். இந்தத் தவறு வாசகரைத் தவறான நூலில் கொண்டுபோய் விடுகிறது.

சொல்லின் பிறப்பு எளியது. ஒரு கதையின் தொடர்ச்சியைக் குறிக்கும் சீக்வல், 'பின்தொடர்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையடியிலிருந்து வந்தது. அதன் தலையை நீக்கி, 'முன்' எனப் பொருள்படும் ப்ரீயை ஒட்டினார்கள். ஆக்ஸ்போர்டு அகராதி காட்டும் பழைய அச்சுச் சான்று 1958ஆம் ஆண்டினது. ஜேம்ஸ் பிளிஷின் 1955 நாவலுக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் அவருடைய 1956 நாவலை, அறிவியல் புனைகதை இதழொன்றில் விமர்சகர் அந்தோணி பௌச்சர் 'ப்ரீக்வல்' என்று குறித்தார். ஆக, பிறக்கும்போதே சொல்லுக்குள் இரண்டு நிபந்தனைகள்: கதைக்காலத்தில் முந்தியது, எழுத்தில் பிந்தியது.

'முதல் பாகம்' இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. ஃபவுண்டேஷன் மூல நூல்கள் மூன்றும் 1951 முதல் 1953 வரை வெளிவந்தன. அவற்றில் கணித அறிஞரான ஹரி செல்டன் என்ற பாத்திரம் தொடக்கத்திலேயே முதியவர். பிறகு பதிவுசெய்த உருவமாக மட்டும் தோன்றுவார். 1988இல் வந்த 'பிரிலூட்' அவரை 32 வயதில் காட்டுகிறது. மூலம் தலைமுறை தலைமுறையாகத் தாவுகிறது. இது ஒரே மனிதரைப் பின்தொடர்கிறது. அதே வரிசையில் 1986இல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' நாவலின் முடிவில் வெளிப்படும் ஒருவரின் அடையாளத்தையும் இது சொல்லிவிடும். முதல் பாகம் என்று நம்பி இதில் தொடங்கியவருக்கு அந்த வியப்பு போயிற்று. அசிமோவே முன்னுரையில் கதைக்கால வரிசையில் பட்டியல் தந்தாரே என்பார்கள். அந்த வரிசை இந்நூலை மூலத்தின் பாகமாக்கிவிடாது.

'டியூன்' என்ற அறிவியல் புனைகதை நாவலில் சிக்கல் இன்னும் பெரிது, அதன் முன்கதைகளை எழுதியவர்களே வேறு. 1965 மூலத்தில் ஃபிராங்க் ஹெர்பர்ட் சொல்வது: சிந்தனையை இயந்திரங்களிடம் ஒப்படைத்தவர்களை, இயந்திரங்கள் வைத்திருந்த வேறு மனிதர்கள் அடிமைப்படுத்தினார்கள். மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஆண்டர்சனும் எழுதிய 2002 முன்கதை நாவலில் இயந்திர மனமே ஆள்கிறது. அதை 'முதல் பாகம்' என்று கொடுத்தால், மகனின் கற்பனை தந்தையின் கணக்கில் ஏறும்.

'முன்தொடர்' என்றொரு ஆக்கமும் உலவுகிறது. தமிழில் தொடர் என்றால் வார இதழ்த் தொடர், தொலைக்காட்சித் தொடர். ஆகவே 'முன்தொடர்' இதற்கு முன் வந்த தொடர் என்றே ஒலிக்கும், பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பெயர்ப்பவர்கள், ஆன சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை.

முன்கதை போதும். 'முன்கதைச் சுருக்கம்' என்பதோடு குழம்பும் என்ற தடை நிற்காது. அங்கே சுருக்கத்தைச் சொல்வது 'சுருக்கம்' என்ற சொல்தான். பாத்திரத்தின் கடந்தகாலத்தைப் 'பின்னணிக் கதை' என்போம். தனி நூலானால் வகைப்பெயர் சேர்த்து, இரண்டு ஆண்டுகளையும் எழுத வேண்டும்: 'ஹவுஸ் அட்ரெய்டிஸ் (1999), டியூனின் (1965) முன்கதை நாவல்.'